மக்கத்து இருமல்

எங்கள் ஊரில் உம்ராவுக்குப் போய்வந்த ஒருவர் இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியப்படுவார்கள். மக்காவுக்குப் போகிறவர்கள் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் தொழுகைப் பாயும் கொண்டுவருவார்கள், கூடவே இருமலையும் கொண்டுவருவார்கள். அதற்கு மக்கத்து இருமல் என்று பெயரும் வைத்திருக்கிறோம். செல்லப் பெயர் வைத்துவிட்டால் நோய் நோயாக இருக்காது என்று நினைப்போ என்னவோ. "அது அங்கத்த தூசி," "அது ஏசிக் குளிர்," "அவ்வளவு சனத்துக்குள்ள போய்த்து வந்தா அப்படித்தான்" என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். இருமுகிறவரும் ஏதோ பட்டம் வாங்கி வந்தவரைப் போலத்தான் இருமுவார். நானும் இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், மடவளையில். வாப்பா கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்து, முழங்கால் வலி வந்த பிறகு விட்டுவிட்டார். உம்மா, வாப்பா, நான், மூன்று பேர்தான் வீட்டில். நான் கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் கல்யாணம் சீக்கிரமே முறிந்துபோனது, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும். என் ஒரே தங்கச்சியைக் கம்பளையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கும் நெடுங்காலம் பிள்ளை தங்கவில்லை. தங்கினது போலத் தெரியும், சொல்லிச் சந்தோஷப்படுவதற்குள் போய்விடும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமி அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். அவள் அதற்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு பிள்ளை தங்கியது. பயந்த மாதங்கள் தாண்டின. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. உம்மாவும் வாப்பாவும் ஏற்கெனவே ஒரு நிய்யத் வைத்திருந்தார்கள்: இந்தப் பிள்ளை ஆபத்தான கட்டத்தைத் தாண்டினால் உம்ராவுக்குப் போய், கஃபாவுக்கு முன்னால் நின்று, மிச்ச மாதங்களுக்காக துஆ கேட்பது என்று. டிசம்பர் விடுமுறையில் போவதாக முடிவானது. வீடே அந்தப் பிள்ளையைச் சுற்றித்தான் நடந்தது. உம்மா பழைய துணிகளைக் கொதிநீரில் போட்டுத் துவைத்து, பிள்ளைத் துணிகளாக வெட்டி, அலுமாரியில் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார்.

போவதற்கு முன்பு ஊசி போட வேண்டும். மூளைக் காய்ச்சலுக்கான ஊசி கட்டாயம், அந்தக் கடதாசி இல்லாமல் விசா இல்லை. டொக்டர் அதைப் போட்டுவிட்டு, "ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டு போங்க. வயசானவங்க, உம்மாவுக்குச் சீனி வருத்தமும் ஈக்கு. அந்தச் சனத்துக்குள்ள கட்டாயம் தொத்தும்" என்றார். கட்டாயம் தொத்தும் என்று அவர் சொன்னார்தான். ஆனால் கட்டாயம் போடு என்று எந்தக் கடதாசியும் சொல்லவில்லையே. வாப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"தடிமலுக்கு ஊசி போட்டுக்கொண்டு போன மனுசன எங்கயாச்சும் கண்டீக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வெளியே வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

தங்கச்சிக்கும் அந்த ஊசியைப் பற்றி யாரோ ஒரு டொக்டர் சொல்லியிருக்கிறார். கர்ப்பிணிகளுக்கு நல்லது, தாய்க்குப் போட்டால் பிறக்கும் பிள்ளைக்கும் கொஞ்ச மாதம் காவல் இருக்கும் என்று. அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளைக்கு ஒரு ஊசியால் ஏதாவது ஆகிவிட்டால் என்று வேண்டாமென்றார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் பேரில் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தோம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

உம்மாவும் வாப்பாவும் உம்ராவிலிருந்து திரும்பி வந்தபோது கண்டியில் விடாத மழை. மகாவலி ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களை ஏற்றிவந்த வான் வாசலில் வந்து நின்றதும் வாப்பா இருமிக்கொண்டே இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் குடையைப் பிடித்தபடி, "ஆ, மக்கத்து இருமலும் வந்தீக்கி!" என்றார். வாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது.

உம்ரா போய்வந்தவரைப் பார்க்கப் போவது எங்களுக்கு ஒரு கடமை மாதிரி. அவருடைய துஆ உடனே ஏற்கப்படும் என்று நம்புகிறோம். ஆகவே ஊரே வரும். ஆண்கள் வாப்பாவைக் கட்டித் தழுவினார்கள், பெண்கள் உம்மாவை. மழையும் குளிரும் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தோம். ஹோல் நிறையச் சனம், இருந்த கதிரைகள் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்தும் எடுத்து வந்தோம். ஸம்ஸம் தண்ணீர் எப்போதும் ஆட்களுக்குக் காணாது, அதனால் சின்னக் கோப்பைகளில் ஊற்றித்தான் கொடுப்பது. ஒருவர் குடித்த கோப்பையைச் சும்மா ஒரு தடவை அலசி அடுத்தவருக்கு. அலசாமலும் கொடுத்திருக்கிறோம், பொய் சொல்லக் கூடாது. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான்தான்.

தங்கச்சி மறுநாள் கம்பளையிலிருந்து வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், உம்மாவும் அழுதார். வந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் போய்வந்ததே யாருக்காக என்று ஊருக்குத் தெரியும்.

வாப்பா மௌலவி இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் காரணமில்லாமல் அழுதால், பயந்தால், பால் குடிக்காவிட்டால், அந்தியில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஓதி, பிள்ளையின் தலையில் மெல்ல ஊதுவார். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பார். அதற்காக எதையும் வாங்கமாட்டார். அது பலித்ததா என்று நான் ஆராய்ச்சி செய்ததில்லை. பிள்ளைகள் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று தங்கச்சியைத் தன் கதிரையில் உட்காரவைத்தார். கோப்பை நிறைய ஸம்ஸம் ஊற்றச் சொன்னார், மற்றவர்களுக்குக் கொடுத்ததைப்போலக் கால்வாசி அல்ல. கையில் வைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். நடுவில் இருமல் வந்து மறித்தது. முகத்தைத் திருப்பி இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மறுபடியும் இருமல், மறுபடியும் தொடர்ந்தார். ஓதி முடித்து, கோப்பையை வாயருகில் கொண்டுபோய், தண்ணீரில் ஊதினார். பிறகு அவளுடைய தலையில் ஊதினார். பிறகு குனிந்து வயிற்றின் பக்கம் ஊதி, "உள்ள ஈக்கிறவருக்கும் சேத்துத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவள் எழுந்து கஃபா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல காட்சிகளில் அது ஒன்று. பின்னால் நடந்ததை வைத்து அந்த நேரத்துச் சந்தோஷத்தை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று அந்தியில் வாப்பாவுக்குக் குளிர் எடுத்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கினார். "யாரோ அடிச்சுப் போட்டாப் போல ஈக்கு" என்று முனகினார். தலையிடி, முதுகு வலி, கண்ணைத் திருப்பினாலும் வலி. அடுத்து உம்மாவும் படுத்துவிட்டார். கண்டியில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் வருவது டெங்கு நினைவுதான். பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கினாலே பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கிற காலம் இது. ஓடிப்போய் இரத்தம் சோதித்தோம். டெங்கு இல்லை.

இந்த இரண்டு சொல்லை எங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்வார்கள் என்பதைக் கேட்டிருக்க வேண்டும். பரீட்சை பாஸான பிள்ளையின் மார்க்ஸைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். டெங்கு இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். சும்மா வைரஸ் காய்ச்சல், பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் போதும். யாரோ பாமசியில் சொல்லி அன்டிபயோடிக் வேறு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அது பக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று வாப்பா அதையும் விழுங்கிவைத்தார். உம்ராவைப் பற்றிக் கேட்க வந்த சனம் இப்போது நோய் விசாரிக்கவும் வந்தது. பிஸ்கட் பக்கெட்டுகளும் தோடம்பழங்களும் மேசையில் குவிந்தன. வந்தவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி போனில் கோல் எடுத்தாள்.

"தாத்தா, எனக்கும் மக்கத்து இருமல் வந்தீக்கி" என்று சொல்லிச் சிரித்தாள். எங்களுக்குள் மூத்த சகோதரிதான் தாத்தா, மற்ற இடத்துத் தமிழர்கள் இதைக் கேட்டால் குழம்பிப் போவார்கள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் அவளைப் பிடித்துக்கொண்டது. "போகாமலே எனக்குக் கெடச்சீக்கி பாருங்க" என்றாள்.

அவளுக்குக் காய்ச்சலும் ஏறியது. மச்சான் அவளைக் கம்பளையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய், இரத்தம் சோதித்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்: டெங்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கீழே இருபது முப்பது பேர் அல்ஹம்துலில்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன். உம்மா படுக்கையிலிருந்தபடியே இரண்டு கையையும் ஏந்தி அழுதார். நாங்கள் பயந்த எதிரி வரவில்லை என்ற சந்தோஷத்தில், வந்திருந்த எதிரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சிக்குக் காய்ச்சல் இறங்கியது. எழுந்து சோறும் சாப்பிட்டாள். பிறகு திரும்பவும் ஏறியது. கோல் எடுத்தபோது அவளால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல் சொல்லி மூச்சு வாங்கினாள், இன்னும் இரண்டு சொல், மறுபடியும் மூச்சு. "பிள்ளை... அசையிறது... கொறைவா ஈக்கு தாத்தா" என்றாள். மச்சானிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, உடனே கண்டிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

கம்பளையிலிருந்து வருகிற பாதை பேராதனையில் எப்போதும் அடைத்துக்கொண்டு நிற்கும். அன்றும் நின்றது. மச்சான் வானிலிருந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டு, முன்னால் நின்ற பஸ்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டாராம். அவர் கடைக்காரரிடம் விலை கேட்கவே கூச்சப்படுகிற மனிதர்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். சோதனை முடிவு வருவதற்கு முன்பே ஃப்ளூவுக்கான மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். பிறகு முடிவும் அதையே சொன்னது, இன்ஃப்ளூயன்ஸா. சின்ன வயது டொக்டர் ஒருவர், சிங்களப் பெண், என்னை நடைபாதையில் நிறுத்தி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இது சாதாரணத் தடிமல் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் போய்விடும், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சீனி வருத்தம், இருதய வருத்தம், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கும் நுரையீரலுக்கு இறங்கிவிடலாம். வயிற்றில் பிள்ளை வளர வளர தாயின் மூச்சுக்கு இடம் குறைகிறது, நோயை எதிர்க்கும் உடம்பின் போக்கும் அந்த மாதங்களில் மாறிவிடுகிறது. இதற்கென்று இருக்கிற மருந்து, காய்ச்சல் தொடங்கி முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பிந்தினாலும் கொடுப்பார்கள், பிந்தியது பிந்தியதுதான். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறினால், பிள்ளையின் அசைவு குறைந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார், வீட்டில் முதலில் யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தார்களா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. வாப்பா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியும் முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தன்னுடைய கடைச் சிங்களத்தில் டொக்டரையும் மகள் என்றே கூப்பிட்டு, "நான்தான் வந்தேன் மகள், நான்தான்" என்றார். டொக்டர் அவரைப் பார்த்தார். அவருக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். தங்கச்சி வந்துபோன அன்று அந்தியில்தான் காய்ச்சல் தொடங்கியது என்று வாப்பா சொன்னார், அப்போது தனக்கு இருமல் மட்டும்தான் இருந்தது என்றார். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றும் என்று டொக்டர் சொன்னார், சும்மா பேசினாலும் மூச்சுவிட்டாலும்கூட. அது நோயாளியின் பிழையில்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை வாப்பாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளை தங்கவில்லை. பெண் பிள்ளை.

தங்கச்சி பிழைத்தாள். அவளுக்கு நினைவு தெளிந்து, ஒட்சிசன் குழாயை எடுத்த பிறகுதான் உம்மா போய்ச் சொன்னார். நான் போகவில்லை, என்னால் முடியவில்லை. கம்பளை மையவாடியில் அடக்கினார்கள். அதற்குள் பெண்கள் போவதில்லை, ஆகவே நான் கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன். மச்சான்தான் பிள்ளையைக் கையில் வைத்திருந்தாராம். வாப்பா மையவாடி வாசல்வரை போய், வானை விட்டு இறங்கவில்லையாம். "எனக்கு இருமல் ஈக்கு" என்றாராம். பிள்ளை போன பிறகு எதற்கு அந்தப் பயம் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாராம்.

அலுமாரியில் அடுக்கியிருந்த துணிகளை உம்மா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்தத் தட்டில் தலையணை உறைகள் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறதற்காகச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வாப்பா கேட்டார், அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்:

"நான் ஊதினதாலயா மகள்?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். "தெரியாது வாப்பா," என்றேன். "கட்டிப்புடிச்சதுல வந்தீக்கலாம். கோப்பையில வந்தீக்கலாம். உம்மாக்கிட்ட இருந்து வந்தீக்கலாம். ஹோல் நெறைய இருமின சனம்தானே. பஸ்ஸுல வந்தீக்கலாம்." அத்தனையும் உண்மை. ஒரு கிருமி யாருடைய மூச்சில் ஏறி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாப்பா தலையை ஆட்டினார். நான் வேறு ஏதோ பதில் சொன்னதுபோலத்தான் ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஊதுவதில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால், பள்ளிவாசலுக்குப் போங்க, ஹஸ்ரத் இருப்பார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். சிலர் மனம் நொந்துபோனார்கள். மக்கா போய்வந்து பெருமை பிடித்துவிட்டது என்று ஒருத்தி பேசியதாக என் காதுக்கே வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளுடைய வீட்டுக்கே போய்க் கேட்டிருப்பேன், உம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

என் கோபம் வேறு வழியில் போனது. தங்கச்சி உடம்பு தேற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆறுதல் சொல்ல வந்த சனத்தை நான் வாசலில் மறித்தேன். தடிமலா, காய்ச்சலா, வீட்டில் யாருக்காவது இருமலா என்று கேட்டேன். இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். "டீச்சர் வாசல்ல பொலிஸ் வேலை பாக்குறா" என்று சொன்னார்கள். சொல்லட்டும். "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று சொன்னவர்களிடம், அதை நானும் நம்புகிறேன், ஆனால் இருமும்போது வாயைப் பொத்தச் சொன்னதும் மார்க்கம்தான் என்றேன். ஜன்னல்களை மழையிலும் திறந்து வைத்தேன். ஆளுக்கொரு கோப்பை வைத்தேன். என் வகுப்பில் மூக்கொழுகும் பிள்ளை இருந்தால் தாய்க்குக் கோல் எடுத்து, வந்து கூட்டிப்போகச் சொல்கிறேன். தாய்மார் முகம் சுழிக்கிறார்கள். கைக்குட்டையில்லாத பிள்ளைகளுக்கு முழங்கையை மடித்து இருமப் பழக்குகிறேன். இதெல்லாம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முன்பு ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்ததுதான். அது முடிந்ததும் மாஸ்க்கோடு சேர்த்து அறிவையும் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டோம்.

அடுத்த வருடம் குளிர் தொடங்குவதற்கு முன்பு எல்லோரையும் ஊசி போடக் கூட்டிப்போனேன். அந்தக் கிருமி வருடத்துக்கு வருடம் உருமாறுவதால் ஊசியையும் வருடா வருடம் போட வேண்டும். அது வராமலே தடுத்துவிடும் என்றில்லை, வந்தாலும் ஆளைச் சாய்க்காமல் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் வழிநெடுக வாப்பாவுக்கு விளக்கிக்கொண்டு போனேன், அவர் ஏதாவது கிண்டல் சொல்வார் என்ற எதிர்பார்ப்பில். பழையபடி ஏதாவது சொல்லமாட்டாரா என்று எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. அவர் தன்னுடைய முறை வருவதற்கு முன்பே சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த வருடம் தங்கச்சிக்கு மறுபடியும் தங்கியிருக்கிறது. இந்தத் தடவை மச்சான் தானாகவே கேட்டு அவளுக்கு ஊசி போடவைத்தார். பயந்த மாதங்கள் தாண்டியதும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றும் மழைதான். ஜன்னல்கள் திறந்திருந்தன. வந்தவள் நேரே சமையலறைக்குப் போய், ஒரு கோப்பையில் சாதாரணத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து, வாப்பாவின் முன்னால் அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஓதித் தாங்க வாப்பா."

வாப்பா உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அறைக்குள் போய் மாஸ்க்கை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு ஓதினார். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை, ஒரு இருமல்கூட வரவில்லை. அன்று ஓதியதைவிட நெடுநேரம் ஓதினார். முடிந்ததும் ஊத வேண்டிய இடம் வந்தது. வாப்பா கோப்பையைத் தன் உள்ளங்கையால் மூடி, அப்படியே அவளிடம் நீட்டினார்.

"ஊதுங்க வாப்பா," என்றாள் அவள்.

"ஓதினது போதும் மகள்."

அவள் கோப்பையை வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா அதை மேசையில் வைத்துவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். நோய் எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்கு எப்போதோ தெரியும், அதைச் சொல்லி அவள் யாரையும் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் ஊதியதைப் பற்றி அவளும் நினைத்திருக்கவில்லை, நாங்களும் சொல்லியிருக்கவில்லை.

"தாத்தா," என்று மெல்லக் கேட்டாள், "வாப்பா இவ்வளவு காலமும் அதையா நெனச்சிக்கொண்டு ஈக்கிறாரு?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் கோப்பையை எடுத்து, கிப்லாவைப் பார்த்து நின்று, தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு வெளியே போனாள். நான் ஜன்னலருகில் நின்றிருந்தேன். மழைச்சாரல் படுகிற இடத்தில் வாப்பா நின்றிருந்தார். அவள் போய் அவருடைய தோளில் தலையைச் சாய்க்கப் போனாள். அவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"தள்ளி நில்லுங்க மகள்," என்றார்.

அவருக்கு அன்று இருமல்கூட இல்லை.